இரண்டு பேர், ஒரு கட்டில், காரைக்குடி

காரைக்குடி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் இரண்டு ஆண்கள் பையோடு போய் நின்றால், கவுன்டரில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார். ஏசியா, நான் ஏசியா? எத்தனை நாள்? ஆதாரை வாங்கி நகல் எடுத்துக்கொண்டு சாவியை நீட்டிவிடுவார். அறையில் கிடப்பது ஒரே பெரிய கட்டில்தான் என்பது அவருக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதே கவுன்டரில் கழுத்தில் தாலி இல்லாத பெண்ணோடு ஓர் ஆண் நின்று பார்க்கட்டும். ‘ரூம் எல்லாம் ஃபுல்லுங்க’ என்ற பதில் சாவிப் பலகையில் சாவிகள் தொங்கும்போதே வரும். கல்யாணம் ஆகாதவர்கள் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. கவுன்டருக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

தன்பாலீர்ப்புள்ள ஆண் இணையருக்குச் செட்டிநாடு எதிர்பாராத அளவுக்கு இதமான ஊராக அமைவதற்கு இந்தத் தலைகீழ்க் கணக்குதான் முதல் காரணம். இதை ஏற்பு என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். வெறும் அறியாமை என்றும் ஒதுக்க முடியாது. இந்த ஊரின் கட்டுப்பாடு எல்லாம் உள்ளூர்க் கணக்கு. வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு, பெண் எந்தக் கோயில், பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, யார் வீட்டிலிருந்து, முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு யார் யார் வர வேண்டும் என்று அந்தப் பேரேடு போய்க்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவரின் பெயர் அதில் எந்தப் பக்கத்திலும் ஏறாது. அவரை ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடுவதில் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேரேட்டில் பெயர் உள்ளவர் தன் இணையரோடு வந்தால் நிலைமை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் சாலை. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் என்று சுமார் 410 கிலோமீட்டர். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால், இரண்டு நிறுத்தம் சேர்த்து, பகல் ஒன்றுக்குள் காரைக்குடி. திருச்சி வரை நான்குவழிச் சாலை, வேகமாகப் போகலாம். அதற்கப்புறம் வரும் 90 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. கிளம்ப நேரமாகிவிட்டால் திருச்சியில் தங்கிவிட்டு மறுநாள் காலை வாருங்கள். இருட்டில் மாடுகளும் முகப்பு விளக்கில்லாத டிராக்டர்களும் இருக்கும், புதிதாக ஓட்டுபவருக்கு அந்தப் பகுதி ஆகாது. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக 90 கிலோமீட்டருக்குள்தான். கார் வேண்டாம் என்றால் எழும்பூரில் பிற்பகல் ஏறும் பல்லவன் ரயில் இரவில் காரைக்குடியில் இறக்கிவிடும். ஆனால் கிராமங்களைச் சுற்றக் கார் இல்லாமல் முடியாது. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் நடுவே ஆட்டோ பிடிக்க நிற்கும் நேரத்தில் ஒரு வீட்டை முழுசாகப் பார்த்துவிடலாம்.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி இந்த வழியில் வருபவர்கள் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் கூவாகத்தை நினைத்துக்கொள்ளலாம். திருநங்கைகள் தாலி கட்டி மறுநாள் அறுக்கும் விழா அது. கூட்டத்தில் வேடிக்கை பார்க்கவும் சீண்டவும் வருகிற ஆண்களே அதிகம். செட்டிநாட்டுப் பயணத்தோடு இதைக் கோத்துக்கொள்வதை விட, அதற்கென்று தனியாக வருவதுதான் மரியாதை.

திருமயம் தாண்டியதும் ஊர்கள் மாறத் தொடங்கும். நேர்க்கோட்டுத் தெருக்கள், ஊருணி, தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய வீடுகள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பெரிய வீடுகளின் தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில். செல்போன் வரைபடம் பல நேரம் பின்வாசல் தெருவில்தான் கொண்டுபோய் நிறுத்தும். பூட்டிய இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் சுற்றிக்கொண்டு முன்தெருவுக்கு வாருங்கள். பின்வாசல் என்பது அடுப்படிக்கும் வேலையாட்களுக்குமான வழி. முன்பின் தெரியாத இருவர் அந்தப் பக்கம் நின்றால் யாருக்கும் பிடிக்காது.

தங்குவதற்கு இரண்டு வகை. லாட்ஜைப் பற்றிச் சொல்லியாயிற்று. இன்னொன்று பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்கள். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டிப் பக்கம் சிதம்பர விலாஸ் போன்றவை. இவற்றில் வெளிநாட்டு விருந்தினர் வந்துபோவது வழக்கம், ஆகவே பணியாளர்களுக்கு எல்லா வகை இணையரும் பழக்கம். முன்பதிவு செய்யும்போதே ‘ஒரே கட்டில் போதும், பிரித்துப் போட வேண்டாம்’ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டு ஆண் பெயர்களைப் பார்த்ததும் நல்லெண்ணத்தில் கட்டிலைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். போய்ச் சேர்ந்த பிறகு சேர்த்துப் போடச் சொன்னால் இரண்டு பேர் வந்து தேக்குக் கட்டிலைத் தரையில் இழுப்பார்கள். கல் தரையில் அந்தச் சத்தம் நடுமுற்றமான வளவு முழுக்கக் கேட்கும். இணையரில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகலைக் கையில் வைத்திருங்கள். சிறிய லாட்ஜ்கள் இந்த வேலைக்குப் பயந்தே அறை இல்லை என்று சொல்வது உண்டு. அந்த மறுப்புக்கும் உங்கள் உறவுக்கும் சம்பந்தம் இல்லை.

எப்போது வரலாம்? மார்கழி, தை, மாசி. பங்குனி பிறந்துவிட்டால் வெயில் அடிக்கத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் பகல் 11 மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடக்காது. தை மாதம் கல்யாண மாதம், பூட்டிக் கிடக்கும் வீடுகள் எல்லாம் திறக்கும், பார்க்கக் கண்கொள்ளாது, ஆனால் அறை கிடைக்காது. இரண்டு மாதம் முன்னால் பதிவு செய்யுங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் அந்த ஊர்ச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். குடியும் கூட்டமும் சேர்ந்த இடத்தில் யாருடைய நல்ல குணத்தையும் நம்பிப் போகக் கூடாது.

இனி வீடு. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டால், இந்த ஊர் விருந்தாளியை எங்கே நிறுத்தும் என்பதும் புரிந்துவிடும். தெருவோரம் திண்ணை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கேள்வியே இல்லை. அடுத்து முகப்பு. அங்கே வியாபாரம் பேச வந்தவர், வெளியூர்க்காரர், வெள்ளைக்காரர் எல்லாருக்கும் நாற்காலி உண்டு. மேலே பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல் எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கும், வந்தவர் பார்க்கட்டும் என்று. அதைத் தாண்டினால் நடுவில் வானம் தெரியும் வளவு. அதைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அதற்குப் பின்னால் பந்தி போடும் இரண்டாம் கட்டு, பிறகு அடுப்படி, பெண்களின் இடம்.

விருந்தாளிக்கு முகப்பில் கிடைக்கும் மரியாதை உண்மையானது. தண்ணீர் வரும், காபி வரும், ‘சாப்ட்டுட்டுப் போகலாம்ல’ வரும். வளவைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளின் கணக்கில் இரண்டு ஆண்களுக்கு ஓர் அறை என்று ஒன்று கிடையாது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், ஒருவன் கல்யாணம் செய்தால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, ஒரு குடும்பம். கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி, துணையை இழந்தால் அரைப்புள்ளி. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று 9 நகரக் கோயில்கள். கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். இசைகுடிமானம் என்று திருமணத்தை எழுத்தில் ஒப்பந்தமாகவே பதிந்துவைத்த சமூகம் இது. எழுதிவைக்கும் பழக்கம் இவ்வளவு ஊறிய இடத்தில், எழுதப்படாத உறவைப் பற்றிப் பேச்சே எழாது. அது வசதியும்தான், குறையும்தான்.

அப்படியானால் கேள்வியே வராதா? வரும். வரிசை மாறாது. ‘எந்த ஊரு?’ அடுத்து ‘என்ன வேலை?’ பிறகு, வயதானவர் என்றால், ‘நீங்க என்ன ஆளுக?’ இந்த மூன்றாவதுதான் உண்மையில் சங்கடமான கேள்வி. தன்பாலீர்ப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், சாதியைப் பற்றிக் கேட்பார்கள். இணையரில் ஒருவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்றால், கிராமத்து உட்தெருக்களில் வரவேற்பின் சூடு அந்தக் கேள்வியோடு குறைந்துவிடலாம். ‘மெட்ராஸ்ங்க, அங்கேயே பொறந்து வளந்தோம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பலரும் கையாளும் வழி. பொய் சொல்ல வேண்டியதில்லை, பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

நான்காவது, ‘கல்யாணம் ஆச்சா?’ 30 வயது தாண்டிய இரண்டு பேரும் ‘இல்லை’ என்றால் ஒரு பெருமூச்சும் ஜாதகப் பேச்சும் தொடங்கும். ஒரு ஆச்சி மனசுக்குள் பெண் தேடத் தொடங்கிவிடுவார். ‘ஆச்சு’ என்றால் ‘வீட்டுல வரலையா, எத்தனை பிள்ளைக?’ என்று ஒரு பொய்க்கு மேல் நான்கு பொய் அடுக்க வேண்டியிருக்கும். ‘நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கோம், 8 வருஷமா’ என்ற வாக்கியத்தைக் கணக்கை மட்டும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் நண்பர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், வேறு மாதிரியும் புரிந்துகொள்ளலாம். இரண்டாவது வகையும் நிறையப் பேர் இந்த ஊரில் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் மட்டுமாகப் போய் வருஷக்கணக்கில், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஒன்றாகத் தங்கி வட்டிக்கடை நடத்திய தலைமுறைகளின் பேரன் பேத்திகள் இவர்கள். ஆண்கள் இருவர் ஒரே கூரையின் கீழ் வாழ்வது இந்த ஊரின் கண்ணுக்குப் புதிதில்லை.

தெருவில் நடந்துகொள்ளும் விதம். இரண்டு ஆண்கள் கையைக் கோத்துக்கொண்டு நடப்பதை, தோளில் கை போடுவதைப் பெரியவர்கள் கவனிக்கவே மாட்டார்கள், அவர்களும் அப்படித்தான் நடப்பார்கள். சினிமாவும் ரீல்ஸும் பார்த்து வளர்ந்த இளவட்டம்தான் திரும்பிப் பார்க்கும், கேலி செய்யும். முத்தம், இடுப்பில் கை போன்றவை எந்த இணையருக்கும் இங்கே ஆகாது. பழைய மாளிகைகளில் போட்டோ எடுக்க விரும்பினால் முன்கூட்டியே கேளுங்கள். செல்போனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ட்ரைபாடும் வெளிச்சக் குடையும் வந்தால் அது ‘ஷூட்டிங்’ ஆகிவிடும், தனிக் கட்டணம். இணையராகப் படம் எடுக்க வேண்டுமென்றால் தங்கும் விடுதியின் உள்முற்றம்தான் சரியான இடம், காலை 7 மணி வெளிச்சத்தில்.

கோயில். பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் காரைக்குடியிலிருந்து 12, 13 கிலோமீட்டர். குடைவரைக் கோயில், இரண்டே கையுள்ள வலம்புரிப் பிள்ளையார். மதியம் நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். அங்கே அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது ‘யார் பேருக்கு?’ என்பார்கள். இரண்டு பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். ‘சதீஷ், உத்திராடம், இம்ரான்’ என்று சொன்னாலும் சரி. நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயர் போதும். குருக்கள் ஒரே சங்கல்பத்தில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் குடும்ப க்ஷேமத்துக்கென்று முடித்துவிடுவார். அவருக்கு அது அன்றைய நூறாவது சீட்டு. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தே சில இணையர் இந்தக் கோயிலுக்கு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. வேட்டி கட்டிக்கொண்டு போவது உசிதம், கட்டத் தெரியாவிட்டால் முழுக்கால் பேன்ட். பக்கத்திலேயே குன்றக்குடி. படியேற முழங்கால் சரியாக இருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் வந்தவர்கள் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை விட்டுவிடுகிறார்கள். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடும் என்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாரைகள் நிறைந்திருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், இந்த ஊர்ச் சாப்பாட்டை எழுதாதவர் யார்? விடுதி வீடுகளில் இலைச்சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். வந்து இறங்கிக் கேட்டால் கிடைக்காது. காலைப் பலகாரத்தில் வெள்ளைப் பணியாரத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து வைத்து, இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைப்பது. கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் தானாக உப்பி மேலே வர வேண்டும். ஓரம் சிவந்துவிட்டால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. மாவு நீர்த்துவிட்டால் எண்ணெய் குடிக்கும், கெட்டியானால் நடுவில் வேகாது. பந்தியில் பரிமாறுபவர் இலையில் வைத்துக்கொண்டே போவார். போதும் என்றால் கையைக் குறுக்கே நீட்டுங்கள், வாயால் சொல்வது காதில் விழாது.

சட்டப் பக்கம் தெரிந்திருக்க வேண்டியவை சில. 377ஆவது பிரிவை வயதுவந்தோர் விருப்ப உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. திருமண உரிமை இல்லை என்பது 2023 அக்டோபர் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. ஒரு பெண் இணையர் பாதுகாப்புக் கேட்டுப் போன சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தொடங்கிவைத்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, காவலர் நடத்தை விதிகளில் 2022 பிப்ரவரியில் 24-சி என்ற விதி சேர்ந்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அது. இரவு வாகனச் சோதனையில் நிறுத்தினால் உரிமம், ஆர்சி, இன்ஷூரன்ஸ் மட்டும் காட்டுங்கள். ‘ரெண்டு பேரும் யாரு?’ என்றால் ‘ஃப்ரெண்ட்ஸ், ஊர் சுத்த வந்தோம், இன்ன விடுதியில் தங்கியிருக்கோம்’ என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எல்லை மீறினால் அந்த விதியின் எண்ணை மெதுவாக, மரியாதையாகச் சொல்லுங்கள். சத்தம் போட்டால் விஷயம் வேறு திசைக்குப் போகும். அவசரத்துக்கு 112, சட்ட உதவிக்கு 15100. அந்த இரவிலேயே பேச ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து அதிகம் இருப்பது காவலரிடமோ பெரியவர்களிடமோ இல்லை, டேட்டிங் செயலியில். சிறு ஊர்களில் படமில்லாத கணக்குகள் நிறைய. ‘பைபாஸ் பக்கம் வாங்க’ என்று அழைத்து, இரண்டு பேர் கூடச் சேர்ந்து செல்போனையும் ஜிபே பின்னையும் பிடுங்கி, ‘வீட்டுக்குச் சொல்லிடுவோம்’ என்று மிரட்டுவது எல்லா மாவட்டத்திலும் நடக்கும் வேலை. பயணத்தில் செயலியில் இருக்கும் தூரம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். யாரையாவது சந்தித்தே ஆக வேண்டுமென்றால் பகலில், டீக்கடையில், வீடியோ அழைப்பில் முகம் பார்த்த பிறகு. மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் நிற்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவுக் குற்றம். புகார் கொடுப்பவர் எதற்காக அங்கே போனார் என்பது குற்றமே இல்லை.

இவ்வளவு எழுதியதும் ஆண் இணையருக்கு. பெண்கள் இருவர் வந்தால் கணக்கு மாறும். அறை கிடைக்கும், ஆனால் ‘ஆம்பளைங்க யாரும் கூட வரலையா?’ என்பதும், இரவு 9 மணிக்கு மேல் வெளியே போனால் வாட்ச்மேனின் அக்கறையும் கூடவே வரும். பேருந்து நிலைய லாட்ஜ் வேண்டாம், பழைய வீட்டு விடுதிகள்தான் சரி. திருநங்கையோ திருநம்பியோ இணையரில் ஒருவர் என்றால் கவுன்டரிலேயே மறுப்பு வர வாய்ப்பு அதிகம். முன்பதிவில் பெயரும் ஆதாரில் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இந்த ஊரின் இதம் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதவரைதான் அது கிடைக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி பேரேட்டில் பெயர் உள்ளவர்கள். இணையரில் ஒருவருக்கு இதே பக்கத்தில் பூர்வீக வீடு இருந்தால், ‘நம்ம வீட்டைக் காட்டறேன்’ என்று கூட்டிப்போகும் ஆசை வருவது சகஜம். அங்கே கவனிக்க வேண்டியது சாவி. வீடு பத்து, இருபது பங்காளிகளுக்குச் சொந்தமாக இருக்கும். சாவி ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மூன்றாமவர். சாவி கேட்டு ஒரு போன் போட்ட அரை மணி நேரத்தில் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் செய்தி போய்விடும்: இன்னார் மகன், கூட ஒரு பையன். முகப்பில் விருந்தாளிக்குக் கிடைத்த ‘வாங்க’ அப்போது ‘அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) தெரியுமா?’ என்று மாறிவிடும். வீட்டில் சொல்லாதவர்கள் பூர்வீக ஊரைப் பயணத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் தங்குவது நல்லது. அங்கேயும் கார் எண்ணும் முகச்சாயலும் காட்டிக்கொடுக்கும். ‘நீங்க அந்த வீட்டுப் பேரனா, அதே மூக்கு’ என்று சொல்லும் ஆச்சிமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வீட்டில் சொல்லிவிட்டவர்கள் என்றால் படைப்பு, கல்யாணம் போன்ற நாட்களைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போங்கள். படைப்பு பங்காளிகளுக்கு மட்டுமானது, அங்கே கட்டின மனைவியின் தம்பிக்கே இடமில்லை. கூட வந்தவரை ஒதுக்கியதாக அன்று தோன்றினால் அதில் பாதி சம்பிரதாயம். மீதிப் பாதி என்ன என்பது அவரவருக்கே தெரியும். எத்தனையோ வீடுகளில் ஆண் வாரிசு இல்லாமல், வளர்ந்த, கல்யாணமான ஆளையே பிள்ளை கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தம் இல்லாதவரைக் குடும்பமாக்கும் வழி இந்தச் சமூகத்துக்குத் தெரியாததில்லை. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு பெண் இணையர் வழக்கில் சொன்னது. ஆனால் பூர்வீக வீட்டில் பங்கு என்று வரும்போது தீர்ப்பின் வாசகம் போதாது, உயில் எழுதிப் பதிந்து வைத்தால்தான் இணையருக்கு ஏதாவது போய்ச் சேரும். வங்கியில் கூட்டுக் கணக்கும் நாமினியும் வைக்கத் தடை இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. நெடுஞ்சாலையில் காரோட்டி வருபவர்கள், விபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவர் பர்ஸிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வாங்கிக்கொண்டு போவது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்கு, பர்மா அரக்குக் கிண்ணம், மரப்பாச்சி, இடித்த வீட்டுத் தூண் எல்லாம் கிடைக்கும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை. உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சேலை வேண்டுமென்றால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி, உங்கள் அம்மாவுக்கு ஒன்று, இணையரின் அம்மாவுக்கு ஒன்று.

ஆனால் புது வீடு போடும் இணையர் வாங்க வேண்டியது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். பட்டறையில் நின்று பாருங்கள். மேசைமேல் ஒரு கண்ணாடிச் சதுரம், துணியால் இரண்டு முறை துடைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ இருந்தால் கல்லின் முகத்தில் புள்ளி விழும். கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவ உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமென்ட், மணல், நிறப்பொடி கரைத்த கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். கை நடுங்காமல் அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவுவது கூழின் ஈரத்தை உறிஞ்ச. அதற்கு மேல் ஈரச் சாந்து, கரணையால் ஒரு மட்டம். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு காயவைத்து, மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, சில நாள் ஊறிய பிறகு வெயிலில் வைத்தால் கண்ணாடி தானே கழன்றுவிடும். சூளை இல்லை, மெருகு இயந்திரம் இல்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடியின் முகம்தான்.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 8 அங்குலக் கல் ஒன்று கிட்டத்தட்ட 2 கிலோ. 10க்கு 10 அறைக்கு 225 கல், உடைசலுக்குச் சேர்த்து 250. அதாவது அரை டன். டிக்கியில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. மாதிரிக்குப் பத்துக் கல் எடுத்துப் போவதென்றால் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், வேகத்தடையில் கீழ்க்கல் விரிசல் விடும். புத்தகம் மாதிரி நிறுத்தி, நடுவில் வைக்கோலோ செய்தித்தாளோ செருகுங்கள். பதித்த பிறகு ஆசிட், பினாயில், எலுமிச்சை எதுவும் படக் கூடாது, சிமென்டை அரித்து மங்கலாக்கிவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும்.

‘பில் யார் பேருக்கு?’ என்று கேட்பார்கள். இரண்டு பெயரையும் சொன்னால் இரண்டையும் எழுதி, கீழே ஒரே முகவரி போட்டுத் தருவார்கள். லாரி ஆபீஸுக்கு மட்டும் ஒரு பெயர், ஒரு செல் நம்பர் போதும். டிரைவர் விடியற்காலை 5 மணிக்குக் கூப்பிடுவார், உங்களில் யார் முதலில் எழுந்திருப்பாரோ அவர் நம்பரைக் கொடுங்கள்.